வைக்கோலுக்காகவும் ஆயுதம் எடுக்கலாம்

'சபாத் ஓய்வுநாளில் யூதர்கள் ஆயுதம் தொடக்கூடாது; எல்லையில் எதிரி வயலை அறுத்துப் போனாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

பாதி உண்மை கலந்திருப்பதால்தான் பலர் நம்புகிறார்கள். யூதச் சமயச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்முதின் எருவின் பகுதி, 45ஆம் ஏட்டின்படி, உள்நாட்டு ஊரைச் சூழ்ந்தவர்கள் பொருளுக்காக மட்டும் வந்திருந்தால் ஓய்வுநாளை மீறக்கூடாது. உயிருக்கு ஆபத்தென்றால் மீறலாம். எல்லையோர ஊரிலோ, வெறும் வைக்கோலுக்கும் தட்டைக்கும் வந்தாலும் ஆயுதத்தோடு புறப்படலாம். வைக்கோல் அவ்வளவு உசத்தியா? இல்லை, அந்த ஊர் விழுந்தால் நாட்டைப் பிடிப்பது எளிதாகிவிடும் என்பது உரையாசிரியர் ராஷி தரும் காரணம். பாபிலோனின் நெஹர்தியா என்ற ஊரும் எல்லையூராகவே கருதப்பட்டது.

16ஆம் நூற்றாண்டுச் சட்டத் தொகுப்பான சுல்ஹான் அரூக்கிலும் (ஓரக் ஹயீம் 329:6) இதே விதி இருக்கிறது. செஃபாரியா இணையதளத்தில் இரண்டையும் இலவசமாகப் படிக்கலாம். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.