டி-சட்டைக்கே பாதிப் பணம் போகலாமா?
ஏழைகளுக்கு நிதி திரட்டப் பள்ளி நடத்தும் நடைப்பயணத்தில் ஆளுக்கொரு டி-சட்டையும் பதக்கமும் கொடுத்தால் நன்கொடை கூடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 500 மாணவர்கள் தலைக்கு 20 வெள்ளி திரட்டினால் 10,000. சட்டைக்கு 7, பதக்கத்துக்கு 2 என்றாலே 4,500 கரைந்துவிடும். இங்கே சிங்கப்பூரில் அறநிறுவனங்களின் நிதித்திரட்டுச் செலவு, திரட்டியதில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. உடற்பயிற்சிச் சட்டையே போதும். வகுப்புக்கொரு நிறத்தில் மணிக்கட்டில் ரிப்பன் கட்டினால் கூட்டத்தில் பிள்ளைகளை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். அதைவிடப் பெரிய தவறு, நன்கொடை அட்டையில் 'குறைந்தது 10 வெள்ளி' என்று அச்சடிப்பது. வசதியில்லாத வீட்டுப் பிள்ளை வெற்று அட்டையை நீட்டக் கூச்சப்பட்டு, நடை நாளன்று பள்ளிக்கே வராது. தொகை குறிக்காமல், ஒட்டிய உறையில் வாங்குங்கள். எண்ணும் வேலையை வகுப்பறையில் வைக்காதீர்கள், அலுவலகத்தில் இரண்டு பேர் சேர்ந்து எண்ணட்டும்.