ஏர்பஸ் உரிமம் மட்டும் போதாது

விமான நிறுவன வேலையை விட்டுத் தனியார் ஜெட்டுக்கு மாறுவது பற்றிக் காரைக்குடித் தம்பி கேட்டதற்கு, "ஏர்பஸ் ஓட்டியவருக்கு இதெல்லாம் எம்மாத்திரம், உரிமம் இருந்தால் அடுத்த மாதமே சேரலாம்" என்று அண்ணன் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 1500 மணி நேரப் பறப்பனுபவத்துடன் பெறும் ஏடிபிஎல் (விமானிகளுக்கான உயர்நிலை உரிமம்) செல்லும் என்றாலும், ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கான வகைத் தகுதியை (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டுவதற்கான அனுமதி) கொண்டு கல்ஃப்ஸ்ட்ரீம், ஃபால்கன் போன்ற தனியார் ஜெட்டுகளை இயக்க முடியாது. அந்தந்த வகைக்கென வகுப்பு, சிமுலேட்டர் பயிற்சி, தேர்வு ஆகியவற்றை முடித்து உரிமத்தில் பதிவு செய்ய வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. அடுத்த மாதம் என்பதும் பொருந்தாது: 2017-இல் இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ வெளியிட்ட விதி, விலகும் கேப்டனுக்கு ஓராண்டும் துணை விமானிக்கு ஆறு மாதமும் முன்னறிவிப்புக் காலமாக வகுத்தது.

வேலையின் தன்மையும் வேறு. காரைக்குடி அருகே கானாடுகாத்தானில் ஒரு திருமணத்துக்கு முதலாளி வந்தால், விமானம் மதுரையிலோ திருச்சியிலோதான் இறங்கும். விருந்து முடிந்து அவர் காரில் திரும்பும் வரை, பணிநேர வரம்புக்கு உட்பட்டு, விமானி காத்திருக்க வேண்டும். எரிபொருள், பயணத் திட்டம், அனுமதிகள் என விமான நிறுவனத்தில் பிறர் பார்ப்பவை, சிறிய நிறுவனத்தில் பெரும்பாலும் விமானியின் பொறுப்பே (பலகாரப் பெட்டிகளை ஏற்றுவதும் சில சமயம் அதில் சேரும்).