நட்புக்கு மொய் நோட்டு வேண்டாம்

எங்கள் பேராவூரணிப் பக்கம் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து களைகட்டும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவார்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்பது நோட்டில் ஏறும். சில வருஷம் கழித்து அவர்கள் விருந்து வைக்கும்போது அதைத் திருப்பிச் செய்துவிட்டு, மேலே புது மொய்யும் வைக்க வேண்டும். வட்டியில்லாமல் லட்சக்கணக்கில் பணம் புரளும். அதை வைத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் உண்டு, கடை வைத்தவர்கள் உண்டு. கணக்கு சுத்தமாக இருப்பதால்தான் அது நிற்கிறது.

அதே நோட்டை நட்புக்குள்ளும் தூக்கிக்கொண்டு வருகிறோமே, அதுதான் எனக்கு வருத்தம். "நான் மூணு தடவை போன் பண்ணேன், அவன் ஒரு தடவகூட பண்ணல." "என் பிள்ளை காதுகுத்துக்கு அவன் வரல, நான் மட்டும் ஏன் போகணும்?" நானும் இப்படித்தான் இருந்தேன். கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறையில் மூன்று வருஷம் கிடந்த நண்பன், நான் வீடு கட்டிக் குடிபோனபோது வரவில்லை என்று இரண்டு வருஷம் அவனோடு பேசவில்லை. அந்த வாரம் அவன் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்பது வேறொருவர் சொல்லித்தான் பிற்பாடு தெரிந்தது. என் நோட்டில் 'வரவில்லை' என்பது மட்டும்தான் இருந்தது.

அப்புறம் 2018 நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யம் பக்கம் அதிகாலையில் கரையேறி, விடிவதற்குள் எங்கள் பகுதித் தென்னையை எல்லாம் சாய்த்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. எங்கள் தோப்பில் நின்றவை ஒன்பது மரம். கரண்ட் இல்லை, டவர் இல்லை, தோப்புக்குள் நடக்கப் பாதை இல்லை. மூன்றாம் நாள் திருப்பூரிலிருந்து ஒரு வேன் வந்து நின்றது. தார்ப்பாய், மெழுகுவர்த்தி, தண்ணீர் கேன், மரம் அறுக்கிற மெஷின் இரண்டு, ஆட்கள், கூடவே அவன். ஏன்டா பேசவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பாதையில கிடக்கிறத முதல்ல எடுத்துருவோம் மாப்ள" என்றான்.

ஈரத் தென்னை நார் மெஷின் செயினை மழுங்கடித்துக்கொண்டே இருக்கும். பத்து மரத்துக்கு ஒரு தடவை உட்கார்ந்து அரம் போட்டுத் தீட்ட வேண்டும். அந்த நேரத்தில் அவன் என் அப்பாவிடம் போய் உட்கார்ந்துகொள்வான். மூன்று நாளாகத் திண்ணையில் பேச்சு மூச்சில்லாமல் இருந்த மனுஷர் அவர். "பெருசா ஏதும் ஆகல, விடுங்கப்பா" என்றெல்லாம் அவன் ஆறுதல் சொல்லவில்லை. "இது எந்த வருஷம் வச்சதுப்பா?" என்று கேட்டான், அவ்வளவுதான். அப்பா ஒவ்வொரு மரமாகச் சொல்ல ஆரம்பித்தார். இது என் தங்கச்சி பிறந்தப்ப வச்சது, இது தாத்தா கிணறு வெட்டினப்ப வச்சது என்று. சொல்லிக்கொண்டே அழுதார். அன்று ராத்திரிதான் வயிறாரச் சாப்பிட்டார்.

இவ்வளவு பார்த்தும் நான் கற்றுக்கொண்டேனா? 2020 ஊரடங்கில் அவன் வேலை பார்த்த பனியன் கம்பெனி மூடிக் கிடந்தது. போன் பண்ணி, "ஏதாவது வேணும்னா சொல்லுடா" என்றேன். "ஒண்ணும் வேணாம் மாப்ள" என்றான். கடமை முடிந்தது என்று வைத்துவிட்டேன். மனைவியின் செயினை அடகு வைத்துத்தான் அந்த மாதங்களை ஓட்டியிருக்கிறான். அந்த வாக்கியத்தை இப்போது நான் யாரிடமும் சொல்வதில்லை. கஷ்டத்தில் இருப்பவனையே வாய் திறந்து கேட்க வைக்கிற வாக்கியம் அது, மானமுள்ளவன் எவனும் கேட்கமாட்டான். நண்பனின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தால், ஃபிளாஸ்க்கில் கஞ்சியோடு போய் நின்று, "இன்னைக்கு ராத்திரி நான் இருக்கேன், நீ வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டுத் தூங்கு" என்று சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்றால் அவனே சொல்லட்டும்.

இன்னொன்று, நேரம். அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அறிமுகமான ஒருவர் நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்கிறது அது. ஹாஸ்டலில் அது சில வாரத்தில் முடிந்துவிடும். வேலை, பிள்ளை, லோன் என்று ஆனபிறகு மாதம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் சொல்கிறேன், இருக்கிற பழைய நண்பனை அற்பக் கோபத்துக்காக விட்டுவிடாதீர்கள். புது ஆளோடு பழக முடியாது என்றில்லை, பழகுங்கள், ஆனால் அந்த மணி நேரத்தை நீங்கள்தான் முதலில் போட வேண்டியிருக்கும்.

கஷ்டத்தில் கூட நிற்பதைவிடக் கடினமானது நண்பன் நம்மைத் தாண்டிப் போகும்போது மனசாரச் சந்தோஷப்படுவது. அவன் இப்போது சொந்தமாக ஒரு சின்ன யூனிட் போட்டிருக்கிறான். கேள்விப்பட்டதும் ஒரு நொடி எனக்குள் என்னவோ செய்தது, மறைக்கவில்லை. திறப்பு விழாவுக்கு முந்தின நாளே போய், சேர் இறக்கி, வாழைமரம் கட்டி, வந்தவர்களுக்குப் பந்தி பரிமாறியபோதுதான் அது போனது.

இன்று காலையில் அவனுக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே, "என்னடா மாப்ள, அப்பாவுக்கு ஏதும்...?" என்று பதறினான். எல்லாரும் நல்லா இருக்கோம், சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் அவனுக்குப் பேச்சே வரவில்லை. அப்புறம் நாற்பது நிமிஷம் பேசினோம். கஜாவுக்குப் பிறகு வைத்த கன்றுகள் காய்க்கிறதா என்று கேட்டான்.