ஜன்னல் வெளுத்தால் வெளுக்கட்டும், விடுங்க

எச்டிஆர் (ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில் பல தடவை எடுத்து ஒன்றாக இணைப்பது) என்று போட்டுப் பகிரப்படும் படங்கள் பலவற்றில் ஒரே சாயல்தான்: கரிப்புகை மாதிரி மேகம், கோபுரத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு, முகத்தில் சாம்பல் பூசிய மங்கல். பழி மொத்தமும் எச்டிஆர் மேல் விழுகிறது. எடுத்த படமும் இணைத்த கோப்பும் பெரும்பாலும் ஒழுங்காகத்தான் இருக்கும். அதைச் சாதாரணத் திரைக்கு இறக்கும் இடத்தில், அதாவது டோன் மேப்பிங்கில்தான் சொதப்பல்.

எவ்வளவு இறக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு ஒரு பழைய உதாரணம். பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் 1997ல் வெளியிட்ட ஆய்வில் ஸ்டான்போர்ட் நினைவுத் தேவாலயத்தின் உட்புறம் வரும். 30 விநாடியில் தொடங்கி 1/1000 விநாடி வரை, ஸ்டாப் ஸ்டாப்பாக (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சத்தில் இரண்டு மடங்கு வித்தியாசம்) 16 எக்ஸ்போஷர். நீளமானதற்கும் குட்டையானதற்கும் 30,000 மடங்கு வித்தியாசம், கிட்டத்தட்ட 15 ஸ்டாப். நாம் பார்க்கும் சாதாரண ஐபிஎஸ் மானிட்டர் தருவது சுமார் 1000க்கு 1, அதாவது 10 ஸ்டாப். அறை விளக்கு திரையில் பிரதிபலித்தால் அதுவும் குறையும். ஆக, எதையாவது விட்டுக்கொடுத்தே தீரணும். எதை என்று முடிவெடுக்காமல் ஸ்லைடரை இழுப்பதால்தான் படம் அப்படி ஆகிறது.

எடுக்கும்போதே கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். ட்ரைபாட், ஐஎஸ்ஓ 100, மேனுவல் போகஸ், மாறாத அபெர்ச்சர். ஷட்டரை மட்டும் மாற்றுங்க. ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) என்றால் 2 ஸ்டாப் இடைவெளி போதும். 5 முதல் 7 பிரேமில் பெரும்பாலான உள்ளரங்கம் அடங்கிவிடும். மிக இருண்ட பிரேமில் ஜன்னல் கிளிப் ஆகக்கூடாது (விவரமில்லாமல் வெறும் வெள்ளையாகக் கூடாது), மிக வெளிச்சமான பிரேமில் இருட்டு மூலை நடுச் சாம்பலுக்காவது வரணும். இரண்டாவதை விட்டுவிட்டுப் பிறகு நிழலைத் தூக்கினால் நாய்ஸும் சேர்ந்தே எழும். அசையும் இலை, நடக்கும் ஆள் இருந்தால் அந்த இடத்துக்கு ஒரே பிரேமை ஆதாரமாக வையுங்க, இல்லையென்றால் பேய் உருவம்தான். இணைத்ததை, 1க்கு மேல் போகும் மதிப்பையும் வெட்டாமல் வைக்கும் 32 பிட் ஓப்பன்ஈஎக்ஸ்ஆர் கோப்பாகச் சேமியுங்க.

முதலில் செய்யக்கூடாதது: அதிகபட்ச மதிப்பை 1 ஆக்கி மொத்தப் படத்தையும் சுருக்குவது. பல்பின் நடுவில் உள்ள நாலு பிக்சலுக்காகப் படம் முழுக்க இருட்டாகிவிடும்.

ரெய்ன்ஹார்டும் உடனிருந்தவர்களும் 2002ல் தந்த வழியில் தொடங்குங்க. எல்லாப் பிக்சல்களின் லுமினன்ஸுக்கும் (நிறத்தை விட்டுப் பிரகாசம் மட்டும்) லாக் சராசரி எடுத்து (பூஜ்யம் வந்து லாக் வெடிக்காமலிருக்க நுண்ணிய ஒரு எண்ணைக் கூட்டிக்கொண்டு), அந்தச் சராசரி 0.18ல், அதாவது நடுச் சாம்பலில், உட்காரும்படி படத்தைப் பெருக்கணும். பிறகு ஒவ்வொரு மதிப்பையும், அதோடு 1 கூட்டிய எண்ணால் வகுக்கணும். 0.18 போனால் 0.153 வரும், 1 போனால் 0.5, 10 போனால் 0.91, 100 போனால் 0.99. இருட்டுப் பக்கம் அதிகம் மாறவில்லை; அமுங்குவதெல்லாம் மேலேதான்.

இதில் ஒரு குறை, எதுவுமே முழு வெள்ளையைத் தொடாது. அதனால் ஜன்னல் அழுக்கு வெள்ளையாகத் தெரியும். அதே ஆய்வில் வெள்ளைப் புள்ளி (எந்த மதிப்பு முழு வெள்ளையாகணும் என்பது) சேர்த்த வடிவமும் உண்டு, அதையே பயன்படுத்துங்க. வெள்ளைப் புள்ளியைப் படத்தின் உச்ச மதிப்பில் வைக்காமல் அதற்குக் கீழே வைப்பேன். சூரியன் நேர் பின்னால் இருக்கும் கண்ணாடி வெளுத்தால் வெளுக்கட்டும். நேரில் போய்ப் பார்த்தாலும் கண் கூசும் இடம்தானே அது?

இதெல்லாம் லீனியர் மதிப்பில் (வெளிச்சத்துக்கு நேர் விகிதமான எண்ணில்) நடக்கணும், எண்ணைத் திரைக்கேற்ப மாற்றும் எஸ்ஆர்ஜிபி வளைவு கடைசியில் ஒரே ஒரு தடவை. 0.5 என்பது 8 பிட்டில் 188 ஆகணும். 128 ஆகியிருந்தால் வளைவைப் போட மறந்துவிட்டீர்கள், படம் இருண்டிருக்கும். இரண்டு தடவை போட்டால் வெளிறும்.

நிறத்தில் வழுக்குகிறவர்கள்தான் அதிகம். லுமினன்ஸை மட்டும் சுருக்கி, அதே விகிதத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சேனலையும் பெருக்குவது வழக்கம். நீலக் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்க: நீலம் 10, மற்ற இரண்டும் 0. லுமினன்ஸில் நீலத்தின் பங்கு 0.0722 மட்டுமே என்பதால் லுமினன்ஸ் 0.722. சூத்திரம் அதை 0.419 ஆக்கும், விகிதம் 0.58. நீலம் 5.8ல் நிற்கிறது! திரையின் எல்லை 1. கண்ணாடியின் கோடு, மடிப்பு எல்லாம் போய் ஒரே நீலத் திட்டு. மூன்று சேனலையும் தனித்தனியே சுருக்கினால் இது நடக்காது, ஆனால் வெளிச்சமான இடங்களில் சாயம் வெளுக்கும், ஆரஞ்சு மஞ்சளாகத் திரும்பும். நான் இரண்டையும் செய்து கலப்பதே மேல் என்பேன். வெளிச்சம் ஏற ஏறத் தனிச் சேனல் முடிவின் பங்கு கூடணும்.

லோக்கல் கான்ட்ராஸ்ட் (அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு இடத்துக்கு இடம் சரிசெய்வது) இதற்கெல்லாம் பிறகுதான். அந்த வெள்ளை விளிம்பு வருவதே, அக்கம்பக்கச் சராசரியை, விளிம்பு பார்க்காமல் மங்கலாக்கும் காசியன் பிளரில் எடுப்பதால். கூரையின் விளிம்பில் வானத்தின் வெளிச்சம் கூரைக்குள்ளும் கசிந்து கணக்கைக் கெடுக்கும். டுராண்டும் டார்சியும் 2002ல் காட்டிய பைலேட்டரல் பில்டர் விளிம்பைத் தாண்டிக் கலக்காது. லாக் மதிப்பில் படத்தை அடித்தளம், நுணுக்கம் என்று பிரித்து அடித்தளத்தை மட்டும் பாதியாகச் சுருக்கி, நுணுக்கத்தைத் தொடாமல் திரும்பச் சேருங்க. நுணுக்கத்தையும் பெருக்கப் போனால் சுவரெல்லாம் சொறி பிடிக்கும்.

இவ்வளவு வேண்டாம் என்றால், எச்டிஆர் கோப்பு இல்லாமலே பிரேம்களை நேராகக் கலக்கும் எக்ஸ்போஷர் பியூஷன் இருக்கு, அதைச் செய்யும் என்பியூஸ் மென்பொருள் இலவசம். வீட்டு உட்புறப் படங்களுக்கு அது தாராளம்.

முடித்ததை 16 பிட் டிப் (TIFF) கோப்பாக வைத்துக்கொண்டு, ஜேபெக்குக்கு மாற்றும்போது மட்டும் லேசாக டிதர் (நுண்ணிய இரைச்சல்) சேருங்க, வானத்தில் பட்டை பட்டையாக வராது. பிறகு படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்க. ஜன்னலைவிடத் தரை வெளிச்சமாகத் தெரிந்தால் லோக்கல் ஸ்லைடரைப் பாதிக்கு இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்க.