சன்லைக்கிலும் நீல ஒளி உண்டு

சியோல் செமிகண்டக்டர் நிறுவனத்தின் சன்லைக் எல்.இ.டி. விளக்கில், தூக்கத்தைக் கெடுக்கும் என்று சொல்லப்படும் நீல ஒளியே கிடையாது, அதனால் இரவு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அதன் கீழே உட்காரலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இது சரியில்லை. குழந்தைகளின் படிப்பு மேஜைக்கு விளக்கு தேடுபவர்கள் இதை நம்பிவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்.

சாதாரண வெள்ளை எல்.இ.டி.யில் இருப்பது நீல ஒளி விடும் சில்லு (சிப்). அதன் ஒளி 450 நானோமீட்டர் (நீல நிறத்தின் அலைநீளம்) பக்கம் கூர்மையாக எழும்பும். சில்லின் மேலே உள்ள மஞ்சள் பாஸ்பர் (ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறமாக விடும் பொருள்) பூச்சு மீதி நிறங்களைத் தரும். 2017இல் அறிமுகமான சன்லைக், தோஷிபா மெட்டீரியல்ஸின் பாஸ்பர் தொழில்நுட்பத்தோடு சேர்ந்து உருவானது. இதில் ஊதாச் சில்லு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பாஸ்பர்களே தருகின்றன. ஆக, நீலம் இருக்கத்தான் செய்கிறது! அந்தக் கூர்மையான முகடுதான் குறைகிறது, நிறமாலை (ஒளியில் எந்த நிறம் எவ்வளவு என்பது) சூரிய ஒளிக்கு நெருங்கி வருகிறது. துணியின் நிறமும் தோலின் நிறமும் உள்ளபடி தெரிவது இதனால்தான். உண்மையிலேயே நல்ல வேலை அது.

நீலம் அறவே இல்லாவிட்டால் வெளிச்சம் வெள்ளையாகவே இருக்காது, மஞ்சளடிக்கும். இரவுக்கு நீலம் குறைய வேண்டுமென்றால் பெட்டியில் நிற வெப்பநிலையை (வெளிச்சம் மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்று கெல்வினில் காட்டும் எண்) பாருங்கள்: 2700 கெல்வின் விளக்கில் 5000 கெல்வினைவிட நீலத்தின் பங்கு குறைவு, சன்லைக்கானாலும் சரி, வேறெதுவானாலும் சரி. அப்புறம், வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.