ஊருக்குள் வராத பஸ்ஸில் ஊர்ப்பெயர் எதற்கு?

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வராமல், பயணியை ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடும் அந்த பஸ் வீடியோவைப் பற்றி இனி விளக்க வேண்டியதில்லை. "ஸ்டாண்டுக்குள்ள போகாதும்மா, நாலு ரோட்டுலயே இறங்கிக்கோ" என்ற கண்டக்டர் குரலை எல்லோரும் கேட்டாயிற்று. சிரிப்பு எமோஜி போட்டவர்களையும் பார்த்தாயிற்று.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. 1995-ல் மாவட்டத் தலைநகர் ஆனோம். இன்றைக்கும் ரயில் ஏற அரியலூருக்கோ திருச்சிக்கோதான் ஓட வேண்டும். பஸ்ஸை விட்டால் வேறு கதியில்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஊரின் ஓரத்தை உரசிக்கொண்டுதான் போகிறது. உள்ளே வந்து போக மிஞ்சிப்போனால் பத்து நிமிடம். பெரம்பலூர் என்று டிக்கெட் அடித்துக் காசு வாங்கினால் பெரம்பலூருக்குள் வரணும். அவ்வளவுதான் கேட்கிறேன்.

"மதுரை, நெல்லை போகிறவர்கள் நேரம் முக்கியமில்லையா?" முக்கியம்தான் சாமி. அதே பஸ் நடுராத்திரியில் ஏதோ ஒரு மோட்டலில் அரைமணி நேரம் நிற்கிறதே, அப்போது அவர்கள் நேரம் எங்கே போகிறது? காது கிழியக் குத்துப்பாட்டு, ஆறிப்போன பரோட்டா, கழிப்பறைக்குத் தனிக்காசு. டிரைவர், கண்டக்டருக்கு மட்டும் உள்ளறையில் சுடச்சுடச் சாப்பாடு. அங்கே நிற்க நேரமிருக்கிறது. எங்கள் ஊருக்குள் வரத்தான் டீசல் தீர்ந்துவிடும்!

சென்னையில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடித்துக் கூட்டிவந்த இரவும் இதே கதை. ஒரு கண்ணில் கட்டு. படி எங்கே முடிகிறது, தரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவர் காலால் துழாவிக்கொண்டிருக்க, மேலிருந்து "சீக்கிரம்மா, சீக்கிரம்". கால் ஊன்றுவதற்குள் விசில். சர்வீஸ் ரோட்டில் நிறுத்தியிருந்த லாரிகளுக்கு நடுவே செல்போன் வெளிச்சத்தில் நடத்திக் கூட்டிப்போனேன். இதையும் டிக்கெட் வாங்கித்தான் அனுபவித்தோம்.

அப்புறம், "நகர நெரிசல் குறையணும்னா பஸ் வெளியேதான் நிற்கணும்" என்று ஒருவர் பாடம் எடுப்பார். சரி, கோயம்பேட்டில் நெரிசல். 2023 டிசம்பரில் சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டைத் திறந்தார்கள். திருச்சியில் 2025-ல் பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்ட். அவற்றைக் குறை சொல்லக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. ஏறுவதும் ஊருக்கு வெளியே, இறங்குவதும் ஊருக்கு வெளியே. ஆனாலும் அங்கே உள்ளே போக டவுன் பஸ்ஸாவது விடுகிறார்கள். ராத்திரி ரெண்டு மணிக்குப் பெரம்பலூரில் அப்படி என்ன நெரிசல், நாய்களைத் தவிர?

"ஆட்டோ பிடிச்சுப் போங்களேன்" என்று கமெண்டில் வரப்போகிற நண்பரே, பிடித்தோம். டிக்கெட் காசில் பாதியைக் கேட்டார். அவரைத் திட்டவும் மனசு வரவில்லை, அந்த நேரத்தில் எங்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டது அவர் ஒருத்தர்தான்.