கலீனாவின் மாடி ஜன்னல்கள்

இல்லினாய் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், சிகாகோவிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரக் கார்ப் பயணத்தில் கலீனா இருக்கிறது. ஈயத் தாதுவின் பெயரையே தாங்கிய இவ்வூரில் இன்று சுமார் 3,300 பேர்தான் வசிக்கிறார்கள். ஆனாலும் ஆற்றோடு வளைந்து செல்லும் அதன் மெயின் ஸ்ட்ரீட்டில், இருமருங்கிலும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் செங்கல் மாடிக் கட்டடங்களைப் பார்த்தால், ஒரு காலத்தில் இங்கு எவ்வளவு பணம் புழங்கியிருக்கும் என்பது விளங்கும்.

1840களில் அமெரிக்காவின் ஈயத்தில் பெரும்பகுதி இச்சுற்றுவட்டாரச் சுரங்கங்களிலிருந்தே வந்தது. மிசிசிப்பியிலிருந்து பிரிந்து வந்த நீராவிக் கப்பல்கள், இத்தெருவின் புழக்கடைவரை வந்து சரக்கேற்றிச் சென்றன. ஈயம் உருக்குவதற்காகக் குன்றுகளின் மரங்களை வெட்டித் தீர்த்ததில் மண் அரித்து ஆறு தூர்ந்தது. ரயிலும் வந்துவிட, வணிகம் வேறிடம் போயிற்று. 1860இல் தந்தையின் தோல் பொருள் கடையில் வேலை பார்க்க வந்த யுலிசிஸ் கிராண்ட், மறு ஆண்டே உள்நாட்டுப் போருக்குப் புறப்பட்டுப் பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனார். ஊரோ பழைய செழிப்பை மீண்டும் காணவில்லை. இடித்துக் கட்ட வசதி இல்லாததாலேயே பழைய கட்டடங்கள் தப்பின. 1969இல் இப்பகுதி தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்ந்தது.

அன்று வறுமை காத்ததை இன்று சுற்றுலா காக்கிறது. அதை நான் குறை கூறவில்லை. ஓடு மாற்றவும் சுவர் பூசவும் பணம் அங்கிருந்துதான் வருகிறது. எனினும், ஒரு நவம்பர் மாலையில், வெள்ளம் வந்தால் தெருவையே அடைப்பதற்கென்று நிறுத்தப்பட்டுள்ள பச்சை நிற இரும்புக் கதவுகளைக் கடந்து உள்ளே நடந்தபோது மனம் கனத்தது. மிட்டாய், ஒயின், நினைவுப் பொருள் என்று கீழ்த்தளங்கள் ஒளிர்ந்தன. மேலே நான் கண்ட உயர்ந்த ஜன்னல்களில் பெரும்பாலானவை இருண்டிருந்தன. ஒன்றில் மட்டும் விளக்கெரிந்தது. கண்ணாடியின் உட்புறத்தில் ஒரு குழந்தையின் கிரேயான் ஓவியம் ஒட்டப்பட்டிருந்தது. அன்று நான் பார்த்தவற்றில் அதுதான் இன்றும் கண்ணில் நிற்கிறது.

முகப்பைக் காப்பதோடு நம் கடமை முடிந்துவிட்டதாகக் கருதுவதை என்னால் ஏற்க இயலவில்லை. கடைக்கு மேல் குடியிருப்பு என்பதே இத்தகைய தெருக்களின் இயல்பு. வருமானம் ஈட்டும் வரலாற்றுக் கட்டடத்தை உரிய நெறிப்படி புதுப்பித்தால், செலவில் 20 விழுக்காட்டை மத்திய அரசு வரிக்கழிவாகத் தருகிறது; வாடகை வீடுகளுக்கும் அது பொருந்தும். அதற்கு மேலும் ஓர் உதவியை ஊராட்சி அமைப்புகள் தர வேண்டும் என்பேன். அதுவும் வார இறுதி விருந்தினருக்கு அறை விடுபவர்களுக்கு அல்ல, ஆண்டுக் கணக்கில் குடும்பங்களுக்கு வீடு விடுபவர்களுக்கு. மாடியில் வீடு அமைக்க இரண்டாவது படிக்கட்டு, தீத்தடுப்புச் சுவர், புதிய குழாய்கள் எல்லாம் தேவைப்படலாம். ஒரு சிறு கடைக்காரரால் தனியாகத் தாங்க முடியாத செலவு அது. பொதுப்பணம் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தப் படிக்கட்டுதான்.